கருமணலும் கணக்கும்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைப் பற்றிய வழக்கிலே கண்ணைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்துக் கரையில் கிடக்கும் கருமணல் அத்தகைய வழக்கொன்றின் நடுவே நிற்கிறது. அப்பகுதியில் இல்மனைற்று அகழும் முயற்சிக்கு அண்மை ஆண்டுகளில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கரை அரிக்கும், மீன்பிடி கெடும் என்பன அவர்தம் அச்சங்கள். இவற்றோடு கதிரியக்கம் பற்றிய வினாவையும் நாம் கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து.

இத்தகைய வினா இலங்கைக்குப் புதிதன்று. கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, 1904ஆம் ஆண்டில் சபரகமுவைப் பகுதியிலே கரிய கனியம் ஒன்றைக் கண்டார். யுரேனியத் தாது என்றே அது முதலிற் கருதப்பட்டது. அதில் மிகுந்திருப்பது தோரியமே என்பதை இங்கிலாந்தில் நிகழ்ந்த பகுப்பாய்வு காட்டிற்று. தோரியனைற்று என்ற பெயரும் பிறந்தது. கலையறிஞராகப் பின்னாளில் உலகு போற்றிய அப்பெரியாரின் கண்ணையும் ஆய்வுகூடமே திருத்தியது.

கடற்கரைக் கருமணலில் இல்மனைற்றோடு வேறு பாரமான கனியங்களும் கலந்திருக்கும். அவற்றுள் மொனசைற்று இருப்பின், தோரியம் பெரிதும் உறைவது அதிலேதான். அலை கொணர்ந்த மணலில் அது சிறிதளவே இருக்கலாம். ஆனால் இல்மனைற்றைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கழிவில் அதன் விகிதம் உயர்ந்துவிடும். ஆகவே, கரையில் அள்ளிய ஒரு பிடி மணலை மட்டும் சோதித்து, 'அபாயமில்லை' என்று முழங்குவது விடையாகாது. எதைச் சோதித்தோம் என்பதே முடிவில் பாதி.

சோதனை முறை பொறுமையை வேண்டுவது. மாதிரியை உலர்த்திச் சலித்து, காற்றுப் புகாத கலத்தில் ஏறக்குறைய 4 வாரம் அடைத்து வைப்பர். ரேடன் வாயு வெளியேறாது, ரேடியத்தோடு அதுவும் அதன் வழித்தோன்றல்களும் சமநிலை எய்துதற்கு அத்துணைக் காலம் வேண்டும். பின்னர் ஜேர்மானியம் உணரி கொண்டு காமாக் கதிர்களை எண்ணுவர். உலக மண்ணில் தோரியம்-232இன் இடைநிலை அளவு கிலோகிராமுக்கு 30 பெக்கரல் என ஐக்கிய நாடுகளின் கதிர்வீச்சு விஞ்ஞானக் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. நம் கரையின் எண்ணை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஒரு தொடக்கம்.

எண் கிடைத்தால் மட்டும் போதாது. அது நம்பப்படவும் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததா என்ற விடயத்தில் ஆய்வறிக்கைகள் தம்முள் முரண்பட்டன. எதை நம்புவதென்று மக்கள் தவித்தனர். ஈற்றில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றமே தலையிட்டு, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன் கழிந்த ஆண்டுகளை யார் ஈடு செய்வார்?

கல்முனை முதல் திருக்கோவில் வரை தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடலை நம்பி வாழ்கின்றனர். அகழ்வு தொடங்குமுன்னரே மணல், கிணற்று நீர் ஆகியவற்றின் மாதிரிகள் ஊரவர் முன்னிலையில் எடுக்கப்படல் வேண்டும். தொடங்குமாயின், கழிவுக்கும் அதே விதி பொருந்த வேண்டும். முடிவுகள் தமிழில் வெளிவருதல் வேண்டும். அவற்றை விளக்கும் பொறுப்பை ஆசிரியர்கள் ஏற்றல் வேண்டும். கணக்கறியாத அச்சம் தீது; கணக்கை மறைக்கும் துணிவு அதனினும் தீது.