ராஜா மீனைத் தொடாதே!

கடலில் மீன் இருக்கிறது. கையில் தூண்டில் இருக்கிறது. சட்டைப் பையில் அனுமதிச் சீட்டும் இருக்கிறது. ஆனாலும் அந்த மீனைப் பிடிக்கக் கூடாது!

தப்பித் தவறித் தூண்டிலில் மாட்டினாலும், படகில் ஏற்றாமல் தண்ணீரிலேயே அவிழ்த்துவிட வேண்டும். மீறினால் குற்றம்.

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் உள்ள அலாஸ்கா மாநிலத்தில்தான் இந்தக் கண்டிப்பு. அங்கே கெனாய் என்று ஓர் ஆறு. அதில் 'ராஜா சால்மன்' பிடிக்க 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் தடை போட்டார்கள். ஆற்றை ஒட்டிய கடலிலும் தடை நீண்டது.

ஒரு மீனுக்காக ஏன் இவ்வளவு அமளி? இதனால் யாருக்கு நஷ்டம்? பார்ப்போம்.

கோடை வந்தால் கூட்டம்

அலாஸ்கா, 1867-ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய பூமி. குளிர் நாடு. மே மாதம்தான் அங்கே கோடை எட்டிப் பார்க்கும். ஜூன் மாதத்தில் ஹோமர் என்ற கடற்கரை ஊரில் ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம்!

அந்த வெளிச்சத்தை நம்பி வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள். நாள் வாடகை கொடுத்து விசைப் படகில் ஏறுகிறார்கள். படகுக்காரரே தூண்டில் தருவார். மீன் இருக்கும் இடத்துக்கும் கூட்டிப் போவார்.

பக்கத்தில் உள்ள ஆங்கர் பாயிண்ட் கடற்கரையில் இன்னொரு வேடிக்கை. அங்கே படகை டிராக்டர்தான் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய் அலையில் விடும்!

வருகிறவர்களுக்கு இது பொழுதுபோக்கு. படகுக்காரருக்கும், விடுதிக்காரருக்கும், இரை விற்கும் கடைக்காரருக்கும் இதுதான் பிழைப்பு. ஆண்டு முழுவதும் சாப்பிட, கோடையில் சில மாதங்கள்தான் சம்பாதிக்க முடியும்.

இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

இவர்கள் தேடி வரும் மீன்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஹாலிபட். மற்றொன்று ராஜா சால்மன்.

ஹாலிபட், நம் நாக்கு மீனைப் போல் தட்டையானது. குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர இடது கண் மெல்ல நகர்ந்து வலது பக்கம் வந்துவிடும்! பிறகு அது ஒரு பக்கமாகத் தரையோடு படுத்து, இரண்டு கண்ணாலும் மேலே பார்த்துக்கொண்டு வாழும்.

குளிர் காலத்தில் ஆழ்கடலில் முட்டையிடும். கோடையில் இரை தேடிக் கரைப் பக்கம் வரும். அதனால்தான் மே, ஜூன் மாதங்களில் தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

சிறிய ஹாலிபட்டைக் 'கோழி' என்பார்கள். பெரியதைக் 'கொட்டகைக் கதவு' என்பார்கள். அலாஸ்காவில் 1996-ல் தூண்டிலில் சிக்கிய ஒன்று 459 பவுண்டு எடை. அதாவது சுமார் 208 கிலோ! இப்படிப்பட்ட பெரிய மீன்கள் பெண் மீன்கள்.

பிறந்த வீடு தேடி வரும் ராஜா

சால்மன் கதை வேறு. அது ஆற்றில் பிறக்கும். கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வளரும். பிறகு, பிறந்த ஆற்றின் நீர் வாசனையை மோப்பம் பிடித்து அதே ஆற்றுக்குத் திரும்பும். அங்கே முட்டையிட்டுவிட்டு இறந்துபோகும்.

அலாஸ்காவில் ஐந்து வகைப் பசிபிக் சால்மன் உண்டு. அவற்றில் பெரியது ராஜா. அது அலாஸ்காவின் மாநில மீனும்கூட. 1985-ல் கெனாய் ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ராஜா மீனின் எடை 97 பவுண்டு 4 அவுன்சு. ஏறக்குறைய 44 கிலோ. உலக சாதனை!

அந்த ஆற்றில்தான் இன்று ராஜாவுக்குப் பஞ்சம். பெரிய மீன்கள் அரிதாகிவிட்டன. முட்டையிட இத்தனை மீன்களாவது வர வேண்டும் என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குக்கு மீன் வரவில்லை. அதனால்தான் தடை.

பக்கத்து வீட்டுக்கும் தண்டனை

தடை தூண்டில்காரர்களோடு நிற்கவில்லை. அந்தக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக வலை போடும் குடும்பங்கள் இருக்கின்றன. கரையை ஒட்டி வலையை நிறுத்தி வைத்து 'சாக்கை' என்னும் வேறு வகைச் சால்மனைப் பிடிப்பார்கள். அந்த மீனுக்குப் பஞ்சமே இல்லை. லட்சக் கணக்கில் வருகிறது.

ஆனால் அதே வலையில் ராஜா மீனும் சிக்கிவிடுகிறதே! அதனால் 2023-ல் கிழக்குக் கரையில் அந்த வலைத் தொழிலையே நிறுத்தி வைத்தார்கள். கண் முன்னே மீன் கூட்டம் போகிறது. குடும்பத்தின் வலையோ கொட்டகையில் கிடக்கிறது. 2024-ல் கைப்பிடி போட்ட வலையால் அள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. அதில் ராஜா மாட்டினால் உயிரோடு விட்டுவிடலாம் அல்லவா?

இன்னும் வடக்கே, கனடாவிலிருந்து அலாஸ்காவுக்குள் ஓடி வரும் யூக்கான் ஆற்றில் நிலைமை மோசம். அங்கே ராஜா மீன் பிடிப்பதை ஏழு ஆண்டுகள் நிறுத்தி வைக்க அலாஸ்காவும் கனடாவும் 2024 ஏப்ரலில் ஒப்புக்கொண்டன. அந்த ஆற்றங்கரைப் பழங்குடி மக்கள் சால்மனைப் புகையில் உலர்த்திக் குளிர் காலத்துக்குச் சேமித்து வைப்பவர்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல, சாப்பாடு!

குற்றவாளி யார்?

ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். தூண்டில்காரர் வலைக்காரரைச் சொல்கிறார். வலைக்காரர் தூண்டில்காரரைச் சொல்கிறார். இருவரும் சேர்ந்து ஆழ்கடலில் இழுவலை போடும் பெரிய கப்பல்களைச் சொல்கிறார்கள்.

2024 செப்டம்பரில் கோடியாக் தீவுப் பக்கம் ஒரு சம்பவம் நடந்தது. வேறு மீன் பிடிக்கப் போன இரண்டு இழுவலைப் படகுகளில் சுமார் 2,000 ராஜா மீன்கள் சிக்கிவிட்டன. உடனே அந்தப் பகுதியில் அந்தத் தொழிலை மூடினார்கள். ஆனால் அந்தக் கடலில் இழுவலையில் சிக்கும் ராஜாக்களில் பெரும்பாலானவை கனடா ஆறுகளிலும் அதற்குத் தெற்கே உள்ள ஆறுகளிலும் பிறந்தவை என்று ஆராய்ச்சி சொல்கிறது. ஆகவே கெனாய் ஆற்றுப் பஞ்சத்துக்குப் பழி முழுவதையும் அதன் மேல் போட முடியாது.

கடலும் மாறிவிட்டது. 2014 முதல் 2016 வரை வட பசிபிக் கடலில் வழக்கத்துக்கு மாறான வெப்பம். அதனால் மீனுக்கு இரை குறைந்தது. ஒரே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் எதையும் சொல்லவில்லை. பல அடிகள் சேர்ந்து விழுந்திருக்கின்றன.

ஹாலிபட் சொல்லும் பாடம்

பங்கு போட்டுப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹாலிபட்டே சாட்சி.

ஹாலிபட் குறைவதைக் கண்டு அமெரிக்காவும் கனடாவும் 1923-லேயே ஒப்பந்தம் செய்து, ஒரு கூட்டு ஆணையத்தை அமைத்தன. அது நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடக்கிறது. 1990-க்குப் பிறகு சில ஆண்டுகள், 24 மணி நேரம்தான் மீன் பிடிக்கலாம் என்று அலாஸ்காவில் கடலைத் திறந்து விட்டார்கள். புயல் அடித்தாலும் படகுகள் முண்டியடித்துக்கொண்டு ஓடின. 1995-ல் தொழில்காரர்களுக்குத் தனித்தனிப் பங்கு கொடுத்தார்கள். ஓட்டப் பந்தயம் நின்றது.

2014 முதல் வாடகைப் படகுகளும் பங்குக் கணக்குக்குள் வந்தன. ஹோமர் பக்கத்தில், வாடகைப் படகில் போகிறவருக்கு நாளைக்கு இரண்டு ஹாலிபட். அதில் ஒன்று சிறியதாக இருக்க வேண்டும். கோடையில் பல ஆண்டுகளாகப் புதன்கிழமை விடுமுறை. தென்கிழக்கு அலாஸ்காவில் ஒரே ஒரு மீன். அதுவும் நடுத்தர அளவு கூடாது.

சொந்தப் படகு வைத்திருப்பவருக்கு இந்த அளவுக் கட்டுப்பாடு இல்லை. "எங்களுக்கு மட்டுமா சட்டம்?" என்று வாடகைப் படகுக்காரர்கள் குமுறுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் சண்டை போட்டுக்கொண்டே எண்ணிப் பிடிக்கிறார்கள். எண்ணிப் பிடிப்பதால்தான் இன்னும் கோடை தோறும் படகு புறப்படுகிறது.

முதலில் யார் கையை மடக்குவது?

மீன் குறைந்தால், முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது பொழுதுபோக்கு. அடுத்தது வியாபாரம். கடைசியில்தான் சாப்பாடு. இந்த வரிசை தலைகீழானால் ஏழை வீட்டு அடுப்புதான் முதலில் அணையும்.

அதே சமயம், கரையில் நிற்கிறவர் மட்டும் பட்டினி கிடக்க, ஆழ்கடலில் சிக்கியதை யாரும் கேளாமல் விட்டால் அந்தத் தடையை எவரும் மதிக்க மாட்டார்கள். மீன் எடுப்பவர் எல்லோரும் கணக்குக்குள் வர வேண்டும்.

இன்று கெனாய் ஆற்றில் பொரியும் ராஜாக் குஞ்சு, பெரிய மீனாகித் திரும்பி வர ஐந்தாறு ஆண்டு ஆகும். இன்று காத்திருக்கும் வலைக்காரரின் மகன் அப்போது வாலிபனாகியிருப்பான். அவனுக்கு மீன் இருக்குமா என்பது, இன்று தூண்டிலில் மாட்டிய மீனை அவிழ்த்து விடும் கைகளில் இருக்கிறது!