வருஷத்தில் ஒரே ஒரு நாள்

சித்ரா பௌர்ணமியன்று மதுரைக்காரர்களைப் பார்த்து, "வைகைக் கரைக்குப் போகவில்லையா?" என்று கேட்பது, தீபாவளியன்று "எண்ணெய் தேய்த்துக் கொள்ளவில்லையா?" என்று கேட்பது மாதிரிதான். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் அந்த விடியற்காலையில் ஊரே ஆற்றுக்குள் இருக்கும். அப்படிப்பட்ட நாளில், அழகருக்கு முதுகைக் காட்டிக் கொண்டு நடுநிசியில் மேற்கே புறப்பட்ட இரண்டு மதுரைப் பெண்மணிகளைப் பற்றி நேயர்கள் என்ன நினைத்தாலும் சரி. ஒருத்தி நான். மற்றவர் என் அத்தை. வயது அறுபத்து நான்கு.

வினை எதிர் வீட்டிலிருந்து வந்தது. எதிர் வீட்டுப் பெண் கணவனோடு தென் கொரியாவுக்குப் போய்விட்டு வந்தாள். வந்த அன்றே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கொண்டு பிரயாணக் கதையை அவிழ்த்தாள். ஸியோல் நகரத்தில் காலையில் பஸ் ஏறினார்களாம். இரண்டு கொரியாக்களுக்கும் நடுவே உள்ள எல்லைக்குக் கூட்டிப் போனார்களாம். வழியில் பாஸ்போர்ட்டைச் சோதித்தார்களாம். இங்கே நிற்காதே, அங்கே படம் பிடிக்காதே என்று அதட்டினார்களாம். பைனாகுலர் வழியாக வட கொரியாவைக் காட்டினார்களாம். சாயங்காலம் பத்திரமாகக் கொண்டு வந்து விட்டுவிட்டார்களாம். 1953-ல் சண்டை நின்றபோது வகுத்த எல்லை அது. சுமார் 250 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. மனிதர்கள் அதிகம் நுழையாததால் அபூர்வமான கொக்குகள் அங்கே வந்து பனிக்காலத்தைக் கழிக்கின்றனவாம்.

அத்தை முறத்தில் உளுந்தைப் புடைத்துக் கொண்டே கேட்டுக் கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், "இதுக்குக் கொரியா வரைக்கும் போவானேன்? நம்ம கண்ணகி கோயிலும் இப்படித்தானே?" என்றார்.

அத்தை சொன்னது முக்காலும் உண்மை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையான மலை உச்சியில், பெரியாறு புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள், 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்தில் 364 நாள் அங்கே பக்தர் யாரும் போக முடியாது. சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் வழி திறக்கும். அதற்கு முன்னால் தேனிக் கலெக்டரும் இடுக்கிக் கலெக்டரும் கூடிப் பேசி விதிகளை வகுக்கிறார்கள். சமீப வருஷங்களில் காலை 6 மணிக்கு மேல்தான் அனுமதி. பிற்பகல் 2.30-க்குப் பிறகு மலையேற விடுவதில்லை. 5.30-க்குள் கடைசி ஆள் வரை இறங்கிவிட வேண்டும்.

"போவோமா?" என்று கேட்டேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "போகலாம்தான். ஆனா அங்கே மஞ்சக் கயிறும் வளையலும் பிரசாதமாக் குடுப்பாங்களாமே. அதெல்லாம் சுமங்கலிகளுக்கு. நான் தூர நின்னு கும்பிட்டுட்டு வந்துர்றேன்" என்றார்.

அத்தை நாற்பத்தொரு வயதில் மாமாவை இழந்தவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சமையற்கட்டுப் பொறுப்பு அவருடையது. முன் வரிசை மட்டும் அவருடையதல்ல. யாரும் போகச் சொன்னதில்லை. அவராகவே பின்னால் போய்விடுவார். நாங்களும் அதைக் கவனிக்காத மாதிரியே இருந்து பழகிவிட்டோம். இதை எழுதும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

இரவு பஸ் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, கம்பம் என்று ஓடியது. 1996-ல் தேனி ஜில்லா பிரியும் வரை இதெல்லாம் மதுரை ஜில்லாதான். கண்ணகி போன திசையும் இதுதான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. நகரத்தை எரித்த பிறகு, கொற்றவை கோயில் வாசலில் தன் கை வளையலை உடைத்துப் போட்டுவிட்டு, மேற்கு வாசலால் வெளியேறி, வைகைக் கரையோடு நடந்தாள். கடைசியில் ஒரு மலையேறி வேங்கை மரத்தடியில் நின்றாள். பதினான்காம் நாள் கோவலன் வந்து விண்ணுலகுக்கு அழைத்துப் போனான். பார்த்திருந்த குன்றக் குறவர்கள் போய்ச் சேரன் செங்குட்டுவனிடம் சொன்னார்கள். அவன் இமயத்திலிருந்து கல் கொண்டு வந்து அவளுக்குக் கோயில் எடுத்தான். அவள் பல நாள் நடந்த தூரத்தை நாங்கள் பஸ்ஸில் தூங்கி வழிந்தே கடந்துவிட்டோம்.

லோயர் காம்ப்பைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஜன்னலுக்கு வெளியே மின்சார நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் நிலா வெளிச்சத்தில் தெரிந்தன. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிற வழி அது. 1895-ல் கட்டி முடித்த அணையின் தண்ணீர். இதுதான் முல்லையாறாகி, வைகையில் கலந்து, மதுரைக்கு வருகிறது. அழகருக்காக அணையைத் திறந்து விடுகிறார்களே, அதிலும் இந்தத் தண்ணீருக்குப் பங்குண்டு.

குமுளியில் இறங்கினால், விடிவதற்கு முன்பே ஜீப்புக்குக் கியூ! இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் பாதை உண்டு. கூடலூருக்கு அருகில் பளியன்குடியிலிருந்து காட்டுக்குள் ஆறேழு கிலோமீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். இளவட்டங்களுக்குச் சரி, அத்தையின் முழங்காலுக்குச் சரிப்படாது. ஜீப் பாதையோ கேரளத்தின் வழியாகப் போகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஒரு சாலை வேண்டும் என்பது பல வருஷத்துக் கோரிக்கை.

சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. உத்தியோகஸ்தர்கள் சோதித்துச் சீட்டு ஒட்டிய ஜீப்புகள் மட்டும்தான் போகலாம். கட்டணமும் அவர்கள் விதித்ததுதான். காட்டு வாசலில் ஒரு வனக் காவலர் எங்கள் பைகளைக் கவிழ்த்தார். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கூடாது, மது கூடாது, மாமிசம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. அத்தையின் பையிலிருந்து புளியோதரைத் தூக்கு, விபூதிச் சம்புடம், முழங்கால் தைலம் ஆகியவை வெளிப்பட்டன. தைலத்தை அவர் முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார். புளியோதரையைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் பறிமுதல் செய்தார். "கல்யாண வீட்டு வாசல்லகூட இவ்வளவு சோதிக்க மாட்டாங்க" என்று அத்தை முணுமுணுத்தார்.

ஆனால் நேயர்களே, அந்தக் கெடுபிடிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. 1978-ல் பெரியாறு புலிகள் காப்பகமாயிற்று. 2021-ல் தமிழ்நாட்டுப் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் வந்துவிட்டது. எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் புலிகளுக்குச் சொந்த வீடுதான். வருஷத்தில் ஒரு நாள் ஆயிரக்கணக்கில் நாம் அவற்றின் வீட்டுக்குள் புகுந்து சத்தம் போடுகிறோம். மறுநாள் அங்கே ஒரு காகிதம்கூடக் கிடக்கக் கூடாது என்பது நியாயம்தானே?

ஜீப் பாதை என்று சொன்னேன் அல்லவா? அதில் 'பாதை' என்ற சொல் கொஞ்சம் அதிகப்படி. பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் தூரத்துக்குக் கல்லும் பள்ளமும். ஜீப்பில் ஏறும்போது முன்பின் தெரியாதவர்களாயிருந்த எட்டுப் பேரும் இறங்கும்போது ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து நெருங்கிய உறவினராகிவிட்டோம். மரக் காடு முடிந்து திடீரென்று புல்மேடு வந்தது. காற்று சேலைத் தலைப்பைப் பிய்த்துக் கொண்டு போயிற்று.

உச்சியில் முதலில் கண்ணில் பட்டவர்கள் போலீஸ்காரர்கள். இரண்டு மாநிலத்துப் போலீஸ், இரண்டு மாநிலத்து வனத்துறை, இரண்டு மொழி அறிவிப்புப் பலகைகள். கோயிலுக்குள்ளும் அப்படியே! ஒரு சந்நிதியில் தமிழ்ப் பூசாரிகள் பூஜை செய்கிறார்கள். மற்றொன்றில் மலையாளத்துப் பூசகர்கள். அவர்களுக்குப் பகவதி, நமக்குக் கண்ணகி. கோயில் யாருடையது என்ற தகராறு பழையது. 1817-ஆம் வருஷத்து நில அளவையைத் தமிழ்நாட்டுத் தரப்பு காட்டுகிறது. காடு எங்கள் காப்பகத்துக்குள் இருக்கிறதே என்கிறது கேரளத் தரப்பு. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றபோது எழுந்த மனத்தாங்கலும் இதில் கலந்திருக்கிறது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடித் தாமும் நடந்து, 1963-ல் இதுவே செங்குட்டுவன் எடுத்த கோயில் என்றார். கொடுங்கல்லூர்தான் அது என்கிற அறிஞர்களும் உண்டு. கடல் கடந்தால் இலங்கையில் சிங்களவர்கள் அவளைப் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். மட்டக்களப்புத் தமிழ்க் கிராமங்களில் வைகாசியில் கண்ணகியம்மனுக்குச் சடங்கு நடக்கிறது. இத்தனை பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். இங்கேயோ மதிற்கற்கள் பல இடங்களில் சரிந்து புல்லுக்குள் கிடக்கின்றன. கோயில் யாருடையது என்பதை வேண்டுமானால் நிதானமாகத் தீர்த்துக் கொள்ளட்டும். அதுவரை அந்தக் கற்களையாவது தூக்கி நிறுத்தலாமே என்று எனக்குப் பட்டது.

வரிசை நகர்ந்து நகர்ந்து, சந்நிதிக்கு வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. கருங்கல் அறைக்குள் விளக்கு. பூவுக்கும் சந்தனத்துக்கும் நடுவே சிறிய முகம். கும்பிடக் கை தூக்கியதும், "நகருங்க, நகருங்க!" என்ற குரல். எனக்குக் கிடைத்தது நாலு விநாடி. அத்தைக்கு அதுவும் இல்லை. ஏனென்றால், சொன்னபடியே அவர் வரிசையை விட்டு ஓர் ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். ஒதுங்க இடம் ஏது? பின்னாலிருந்த கூட்டம் அவரை நேரே பிரசாதம் கொடுப்பவர் முன்னால் தள்ளியது.

அந்த இளைஞன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நெற்றியையோ கழுத்தையோ பார்க்க அவனுக்கு நேரம் ஏது? நீட்டிய கைகளில் எல்லாம் வைத்துக் கொண்டே போனான். அத்தை கையை நீட்டவே இல்லை. அவன் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, குங்குமம், மஞ்சள் கயிறு, இரண்டு கண்ணாடி வளையல்கள் எல்லாவற்றையும் வைத்து மூடிவிட்டு, "அடுத்தவங்க வாங்கம்மா" என்றான்.

வெளியே வந்து மதிலோரம் நிழலில் உட்கார்ந்தோம். கீழே கம்பம் பள்ளத்தாக்கு பாய் விரித்த மாதிரி கிடந்தது. தென்னந்தோப்புகள், திராட்சைத் தோட்டங்கள், கூடலூர் வீடுகள். நான் தூக்கைத் திறந்தேன். அத்தை சாப்பிடவில்லை. மூடிய கையை மடியில் வைத்துக் கொண்டிருந்தார்.

"வேண்டாமென்றால் என்னிடம் கொடுங்கள் அத்தை, நான் வைத்துக் கொள்கிறேன்" என்றேன்.

பதில் இல்லை. வெகு நேரம் கழித்து, "மதுரையை விட்டுப் போறப்ப இவளும் வளையலை உடைச்சுட்டுத்தானேடி போனா?" என்றார்.

"ஆமாம்."

"அப்புறம் இவளுக்கு மங்கலதேவின்னு யார் பேரு வச்சது?"

காலேஜில் சிலப்பதிகாரம் பாடம் படித்தவள் நான். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன். இந்தக் கேள்வி பாடத்திலும் வரவில்லை, பரீட்சையிலும் வரவில்லை. புளியோதரையைக் கிளறிக் கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அத்தை ஒரு வளையலை எடுத்து விரல்களைக் குவித்துப் போட்டுப் பார்த்தார். கட்டை விரல் முட்டியைத் தாண்டவில்லை. இருபத்து மூன்று வருஷத்து மாவரைத்த கை. சின்ன அளவு வளையல். "பாத்தியா, ஏறமாட்டேங்குது" என்று சிரித்தார். நான் பயந்த மாதிரி அழவில்லை. இரண்டு வளையல்களையும் கைக்குட்டையில் சுற்றி முடிந்தார். பிறகு புளியோதரையை வாங்கிச் சாப்பிட்டார். உப்பு ஒரு கல் குறைச்சல் என்று தாம் செய்ததையே குறையும் சொன்னார்.

மூன்று மணிக்குப் போலீஸ்காரர்கள் எல்லாரையும் கிளப்பத் தொடங்கினார்கள். "இறங்குங்க, நேரமாச்சு" என்று தமிழிலும் மலையாளத்திலும் விரட்டல். திரும்பும் ஜீப்பில், ஏறும்போது இருந்த அதே பள்ளங்கள் எல்லாம் கணக்குத் தவறாமல் திரும்பி வந்தன. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக் கொண்டு நாங்கள் ஏழு பேரும் துள்ளிக் கொண்டிருந்தோம். அத்தை ஒரு கையால்தான் கம்பியைப் பிடித்தார். மற்றக் கையால் கைக்குட்டை முடிச்சை நெஞ்சோடு அணைத்திருந்தார், உடையாமல்.

காட்டு வாசலில் மறுபடியும் சோதனை. காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாதாம். காலையில் தைலத்தை முகர்ந்த அதே வனக் காவலர் கைக்குட்டையைக் காட்டி, "அது எந்தா அம்மா?" என்றார்.

"பிரசாதம். வளையல்."

"பேத்திக்கா?"

"இல்லைப்பா, எனக்குத்தான்" என்றார் அத்தை.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஜீப்புக்குப் போனார். குமுளி பஸ் ஸ்டாண்டில், ஊருக்குப் பஸ் கிடைப்பதற்கு முன்னால் அத்தை என்னை ஒரு வளையல் கடைக்கு இழுத்துக் கொண்டு போனார். கைக்குட்டையை அவிழ்த்து, "இதே நிறத்தில், இதைவிடப் பெரிய அளவு இருக்கா?" என்று கேட்டார்.