மணிக்கூடு எண்ணும், நடக்கிறது யார்?

போன மாதம் டொக்டரிடம் போனேன். எனக்கு 36 வயது. சூரிச்சில் மென்பொருள் வேலை, கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்தேதான். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாருக்கு இல்லை என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல இலேசாக இருந்திருக்கும்.

அப்போதும் என் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. அன்றைய கணக்கு 2,140 அடி.

எங்கட பெடியள் சோம்பேறிகள் இல்லை. கோடை வந்தால் சுவிஸில் எத்தனை தமிழ்க் கழகங்களின் உதைபந்தாட்டப் போட்டிகள்! ஆனால் இருபத்தெட்டு, முப்பது வயதில் கல்யாணம், பிள்ளை, வீட்டுக்கடன் என்று வந்ததும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போவது கொத்துரொட்டி சாப்பிட. இதில் நானும் அடக்கம்.

எங்கள் உடம்புக்கு இது கூடாது. உடல் நிறைச் சுட்டெண் 25ஐத் தாண்டினால் அதிக நிறை என்பது பொதுவான அளவு. ஆனால் ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது. பார்வைக்கு மெலிவாக இருக்கிறோம், பிரச்சினை வயிற்றில் இருக்கிறது.

சரி, வாட்ச் கட்டினால் போதுமா? நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் 10,000 அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965இல், ஒரு ஜப்பானிய நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்பதுதான். அது விளம்பரத்துக்கு வைத்த இலக்கம், மருத்துவர்கள் எழுதித் தந்தது இல்லை.

2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. நிறை குறைக்க வந்த 18 முதல் 35 வயது வரையானோரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் உடலில் அணியும் கருவி கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். கருவி கட்டியவர்கள் 3.5 கிலோதான்.

காசு கொடுத்தால் நடப்பார்களா என்று சிங்கப்பூரில் 800 ஊழியர்களை வைத்துப் பார்த்தார்கள். காசு கிடைத்த ஆறு மாதமும் நன்றாக நடந்தார்கள். காசு நின்றதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டார்கள்.

இங்கேயும் அந்த ஆசை காட்டப்படுகிறது. சிஎஸ்எஸ் காப்புறுதி நிறுவனம் 2016இல், மேலதிகக் காப்புறுதி வைத்திருப்பவர்களுக்கு, ஒரு நாளில் 10,000 அடி நடந்தால் 40 ரப்பன் தருவதாகத் திட்டம் தொடங்கியது. வருடம் முழுக்க ஒரு நாளும் விடாமல் நடந்தால் 146 பிராங். அதற்குப் பதிலாக நாங்கள் கொடுப்பது எங்கள் உடம்பின் கணக்கை. ஹெல்சானாவின் ஊக்கப் புள்ளிச் செயலி விடயத்தில், வாடிக்கையாளரின் அடிப்படைக் காப்புறுதித் தகவலைப் பெற்ற விதம் சட்டத்துக்கு மாறானது என்று 2019 மார்ச்சில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த முதல் எதற்குச் சம்மதம் என்று வாசியுங்கோ.

அதற்காக வாட்சைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. 2,140 என்ற இலக்கத்தைப் பார்த்திராவிட்டால் நான் இன்னும் 'ஓடியாடி வேலை செய்கிறேன்' என்றுதான் நம்பிக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்ல அது நல்ல கருவி. ஆனால் மழை நேரம் கதவைத் தட்டி "வாடா" என்று கூப்பிட அதால் முடியாது.

அதை மனிசர்தான் செய்ய வேண்டும். இப்போது நாங்கள் நாலு பேர், ஞாயிறு காலை எட்டு மணிக்கு விற்றாபார்க்கூருக்குப் போகிறோம். காட்டுக்குள் ஓடி, இடையிடையே நின்று உடற்பயிற்சி செய்யும் பாதை அது. 1968இல் சூரிச்சில் தொடங்கியது, இன்று நாடு முழுக்க ஏறக்குறைய 500 இருக்கின்றன. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. முதல் நாள் பாதியிலேயே எங்களுக்கு மூச்சு வாங்கியது. எழுபதைத் தாண்டிய ஒரு சுவிஸ் அம்மா "குரூட்ஸி" சொல்லிக்கொண்டு எங்களைக் கடந்து ஓடினா.

எங்கள் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இளையோருக்கும் சிறுவருக்கும் அணி வைத்திருக்கிறீர்கள். முப்பது தாண்டியவர்களுக்கும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கோ. கிண்ணம் வேண்டாம், பரிசு வேண்டாம். வராதவனுக்கு ஒரு போன் எடுத்து "ஏன் வரேல்லை?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

அடுத்த பரிசோதனை ஒக்டோபரில். முடிவு எப்படி வந்தாலும் அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு நான் அங்கே நிற்பேன்.