குளிர் வேறு, காற்று வேறு

கொழும்பு மாநகரில் ‘குளிரூட்டப்பட்ட வகுப்பறை’ என்னும் தொடர் ஒரு தகுதிச் சான்றாகவே வழங்கி வருகின்றது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அடுத்த தெருக்களிலும் நடைபெறும் தனியார் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், அத்தொடரைக் கண்டதும் மனநிறைவு கொள்கின்றனர். வெயிலிலும் புழுக்கத்திலும் வாடாமல் தம் பிள்ளைகள் நல்ல காற்றிலிருந்து படிக்கின்றனர் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை பிழையானது. அதனைப் பிழையென்று அறிந்தும் வாளாவிருக்கின்ற கட்டட உரிமையாளரும் பொறியியலாளரும், அறிய முயலாதிருக்கின்ற நம் பல்கலைக்கழகத்தாரும் இதற்குப் பொறுப்பாளிகள் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

முதலில் ஓர் எளிய உண்மையை நினைவிற் கொள்வோம். நம் நகரின் சிறு மண்டபங்களில் சுவரின் உச்சியிற் பொருத்தப்பட்டிருக்கும் குளிரூட்டிகள் அறையிலுள்ள காற்றையே உறிஞ்சி, அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் நீக்கி, அதே காற்றை மீண்டும் அறையினுள்ளே விடுகின்றன. சுவருக்கு வெளியே தொங்கும் பெட்டிக்கும் உள்ளேயுள்ள பெட்டிக்கும் இடையே ஓடும் குழாய்களிற் செல்வது குளிரூட்டும் திரவமும் வாயுவுமேயாம். வெளிக்காற்று அவ்வழியே ஒரு துளியும் வருவதில்லை. குளிர் வெளியே போய்விடுமென்று சாளரங்களை அறைந்து மூடி, கதவிடுக்கிற்குத் துணி வைத்து அடைக்கும் மண்டபம், நூறு மாணவர் தம் மூச்சை ஒருவர்க்கொருவர் பரிமாறிக்கொள்ளும் மண்டபமாகிவிடுகின்றது.

இது மிகைக்கூற்றா என்பதைக் கணக்கே சொல்லட்டும். நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு காபனீரொட்சைட்டு உண்டு. இது வெளிக்காற்றிலுள்ள அளவைப்போல் சுமார் நூறு மடங்காகும். அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 இலீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றார். 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் கொண்ட ஒரு மண்டபத்தில் நூறு மாணவரை இருத்துவோம். அம்மண்டபத்தின் கனவளவு 288 கன மீற்றர். மாணவர் ஒரு மணி நேரத்தில் விடும் காபனீரொட்சைட்டு 1.8 கன மீற்றர். காற்று முற்றாக அடைபட்டிருப்பின், ஒரு மணி நேரத்தில் அவ்வாயுவின் அளவு மில்லியனில் 6000 பங்குக்கு மேல் உயரும். கதவிடுக்குகளின் வழியே மணிக்கு ஒருமுறை மண்டபத்தின் கனவளவுக்குச் சமமான காற்று வந்து கலக்கின்றது எனத் தாராளமாகக் கொண்டாலுங்கூட, முதல் மணி முடிவதற்குள் அது 4000 பங்கைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் இன்று இருப்பதோ மில்லியனில் சுமார் 425 பங்கு மாத்திரமே.

இந்த அளவு உடனே உயிரைப் பறிக்கும் நஞ்சன்று. அவ்வாறு கூறிப் பெற்றோரை அச்சுறுத்துவது என் நோக்கமுமன்று. மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மக்ஸ் வொன் பெற்றன்கோபர் 1858இலேயே இதனைத் தெளிவாக விளக்கினார். காபனீரொட்சைட்டு ஒரு சுட்டி. அஃது உயருமளவுக்கு மனித உடலினின்று வெளிப்படும் ஏனைய யாவும் அறையிலே தேங்கி நிற்கின்றன என்பதே அவர் கருத்து. ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மில்லியனில் 1000 பங்கு என்னும் எல்லையை வகுத்தவரும் அவரே. யப்பான் 1970ஆம் ஆண்டில் இயற்றிய கட்டடச் சுகாதாரச் சட்டமும் பெருங்கட்டடங்களுக்கு அதே எல்லையை விதித்தது.

அவ்வாறு தேங்கி நிற்பவற்றுள் தலையாயவை நோய்க்கிருமிகள். கொவிட் பெருந்தொற்றின் பின்னர் இதனை எவரும் மறுக்கவியலாது. உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டலில், வதிவிடமல்லாத கட்டடங்களில் ஆளொருவருக்குச் செக்கனுக்கு 10 இலீற்றர் காற்று வேண்டுமென விதந்துரைத்தது. காசநோய் நமக்குப் புதியதுமன்று, மறைந்துபோனதுமன்று. தாய்வானிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் காற்றோட்டங் குறைந்த கட்டடங்களில் 27 பேருக்குக் காசநோய் பரவியது. அங்கே காபனீரொட்சைட்டு மில்லியனில் 3200 பங்கு வரை உயர்ந்திருந்தது. காற்றோட்டத்தைச் சீர்செய்து அதனை 600 பங்களவுக்குக் குறைத்த பின்னர், நோயாளரோடு பழகியவரிடையே புதிதாக நோய் தோன்றுவது 97 வீதம் குறைந்ததென 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மேற்கண்ட நம் கணக்கில் வந்த 4000 பங்கை அந்த 3200 பங்கோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

மூடிய அறையிற் சிந்தனைத்திறனும் மழுங்கும் என்பர் சிலர். 2012இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை, 1000, 2500 பங்குகளில் முடிவெடுக்கும் ஆற்றல் குறைவதாகக் கண்டது. பின்வந்த ஆய்வுகளுட் சில அதனை உறுதிசெய்யவில்லை. ஆதலின் அவ்வாதத்தின்மீது என் வழக்கை நான் நிறுத்தவில்லை. நோய்ப்பரவல் ஒன்றே இவ்வழக்குக்குப் போதுமானது.

இனி, சுவரிற் பொருத்தும் காபனீரொட்சைட்டு உணரியைப் பற்றிக் கூறுவேன். அதன் தத்துவம் எளிது. சிறு கூண்டொன்றின் ஒரு முனையில் செந்நிறக் கீழ்க் கதிர்களைக் காலும் விளக்கும், மறுமுனையில் அக்கதிரை அளக்கும் கண்ணும் உள்ளன. 4.26 மைக்கிரோமீற்றர் அலைநீளமுள்ள கதிரைக் காபனீரொட்சைட்டு உறிஞ்சும். எவ்வளவு கதிர் குறைந்து வந்தது என்பதைக்கொண்டு அறையில் அவ்வாயு எவ்வளவு உள்ளது என்று கருவி கணிக்கின்றது. கணித்ததை இலக்கமாகக் காட்டுவதோடு, வெளிக்காற்றைக் கொணரும் விசிறிக்கு மின் சைகையாகவும் அனுப்பவல்லது. ஆட்கள் கூடும்போது விசிறி விரையும், கலையும்போது தணியும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இக்கருவி உலகெங்கும் பரவியது. 2021இல் பிரித்தானிய அரசு தன் பாடசாலைகளுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளை வழங்க முன்வந்தது. நம் நகரிலும் இன்று இதனை விலைக்கு வாங்கலாம். ஆனால் வாங்கி மாட்டுவதோடு கடமை முடிந்ததென எண்ணும் போக்கு, கருவியே இல்லாத நிலையைக் காட்டிலும் தீங்கானது. கருவி இல்லாதவிடத்து ஐயமேனும் எஞ்சும். பிழையாகப் பொருத்திய கருவி அந்த ஐயத்தையும் அழித்துவிடுகின்றது.

பிழைகளுள் முதலாவது, இடம் பற்றியது. குளிரூட்டியின் காற்று நேரே வீசுமிடத்திலோ, கதவுக்கும் சாளரத்துக்கும் அருகிலோ, எவரேனும் சாய்ந்து மூச்சுவிடும் இருக்கைக்குப் பக்கத்திலோ உணரியை வைத்தல் ஆகாது. நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றருக்கும் 1.8 மீற்றருக்கும் இடையில், மாந்தர் மூச்சுவிடும் உயரத்தில் அஃது இருத்தல் வேண்டும். அழகு கெடுமென்று கூரையருகே ஏற்றி வைப்பது அளத்தலாகாது. மின்கம்பி வரும் துளையை அடைக்காது விடின், சுவரின் உட்பொந்திலிருந்து கசியும் காற்றையே கருவி மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது பிழை நுண்ணியது. ஆதலாற் பெரிதும் கவனிக்கப்படாதது. இவ்வகைக் கருவிகளிற் பல தம்மைத் தாமே அளவுதிருத்திக்கொள்கின்றன. கடந்த சில நாட்களிற் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவென்று கொண்டு, அதனை 400 பங்கு எனக் குறித்துக்கொள்வது அவற்றின் வழக்கம். மாலையில் ஆட்கள் நீங்கி, இரவெல்லாம் வெறுமையாய்க் கிடக்கும் அலுவலகத்துக்கு இம்முறை பொருந்தும். வார நாட்களில் மாலை முதல் இரவு வரையும், சனி ஞாயிறுகளில் விடியல் முதல் பொழுதுசாயும் வரையும் வகுப்பு நடந்து, பின்னர் சாளரம் திறவாமலே பூட்டப்படும் மண்டபத்தின் நிலை என்ன? இரவும் பகலும் ஆட்கள் உறையும் தொடர்மாடி வீட்டின் நிலை என்ன? அங்கே காற்று என்றுமே வெளிக்காற்றின் தூய்மையை எட்டாதிருக்கலாம். அப்போது கருவி 600 பங்கை 400 என்று கொள்ளும். அன்றுதொட்டு அது காட்டும் இலக்கம் யாவும் உண்மையினும் தாழ்ந்தவை. இத்தகைய இடங்களில் தன்திருத்தத்தை நிறுத்திவைத்து, ஆண்டுக்கொருமுறையேனும் கருவியைத் திறந்த வெளிக்குக் கொண்டுசென்று, கையாலே அளவுதிருத்தல் வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அறிவும் பொறுப்புமே வேண்டற்பாலன.

மூன்றாவது பிழை நகைப்புக்குரியது. வெளிக்காற்றைக் கொணரும் விசிறியே இல்லாத அறையில் உணரியைப் பொருத்துகின்றனர். காய்ச்சல்மானி நோயைத் தீர்க்குமென்று நம்பி மருந்தை மறந்தவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை? விசிறி உள்ளவிடத்தும், உணரி உத்தரவிடும் வரை அதனை முற்றாக நிறுத்திவைப்பது தவறு. தளபாடங்களிலிருந்தும் வர்ணப்பூச்சிலிருந்தும் எழும் ஆவிகளை இவ்வுணரி அறியாது. ஆட்கள் உள்ளபோது குறைந்தபட்சக் காற்று எப்போதும் வந்துகொண்டிருத்தல் வேண்டும். 800 பங்கில் விசிறி விரையத் தொடங்கி, 1000 பங்கில் முழுவேகம் எய்துமாறு அமைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றுள் வலியது செலவு பற்றியது. கொழும்பின் காற்று ஈரம் மிக்கது. மேற்சொன்ன மண்டபத்தில் நூறு பேருக்கு, ஆளொருவருக்குச் செக்கனுக்கு 10 இலீற்றர் வீதம் வெளிக்காற்றைக் கொணர்ந்தால், அக்காற்றிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 40 இலீற்றர் நீரைக் குளிரூட்டி பிரித்தெடுக்க வேண்டிவரும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் உயர்த்தப்பட்ட மின்கட்டணங்களின் அடியை அனுபவித்த நாட்டில் இஃது எளிய சுமையன்று. இதனை நான் மறுக்கவில்லை. ஆனால் உணரியின் பயனே இங்குதான் உள்ளது. நாற்பது பேர் வந்த நாளில் நூறு பேருக்குரிய காற்றைக் குளிர்விக்கும் வீண்செலவை அது தவிர்க்கின்றது. செலவுக்கஞ்சிக் காற்றையே நிறுத்துவோர், தம் மின்பட்டியலின் ஒரு பகுதியை மாணவரின் நெஞ்சறையிலிருந்து அறவிடுகின்றனர் என்றே சொல்ல வேண்டும்.

காலி வீதியின் வாகனப் புகையைவிட உள்ளேயுள்ள காற்று மேலன்றோ என்பது இன்னொரு வாதம். வெளிக்காற்றை வீதிப்பக்கத்திலிருந்து எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வடிகட்டி பொருத்துவதற்குத் தடையும் இல்லை. புகைக்கு அஞ்சிச் சாளரத்தை மூடினோர் வடிகட்டிய காற்றுக்கு ஒரு துளையும் இடாமற் போனமைக்கு இவ்வாதம் விடையாகாது.

இவையெல்லாம் மேனாட்டு ஆடம்பரம். நம் முன்னோர் சாளரத்தைத் திறந்து வாழ்ந்தனர் என்பாரும் உளர். இவர்களோடு எனக்கு வழக்கில்லை. திறந்த சாளரமும் கூரைவிசிறியும் உள்ள வகுப்பறைக்கு உணரி பெரும்பாலும் வேண்டாதது. 1914இல் கொழும்பைத் தாக்கிய கொள்ளைநோயை அடுத்து, 1915இல் வந்த வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வெளிச்சத்தையும் காற்றையும் கட்டட விதிகளுக்குள் கொணர்ந்தது. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1970களில் அரச ஈட்டு வங்கிக்காக வரைந்த மாடிக் கட்டடத்தை இயற்கைக் காற்றோட்டத்தை மனத்திற்கொண்டே வடிவமைத்தார். வெள்ளவத்தையின் விறாந்தை வீடுகள் கடற்காற்றை வாங்கி வாழ்ந்தவை. அவ்வழியே செல்வோமாயின் நன்று. ஆனால் வீடுகளை இடித்து, மாடிகளை நெருக்கிக் கட்டி, சாளரங்களைக் கண்ணாடியால் அடைத்த பின்னர் முன்னோரைத் துணைக்கழைப்பது முறையன்று. திறந்த கட்டடம் ஒன்று. மூடியதாயினும் அளந்து காற்றூட்டப்படும் கட்டடம் மற்றொன்று. இவ்விரண்டுமல்லாத மூன்றாம் வகையே இன்று நம்மிடையே மலிந்துள்ளது. அதற்கே என் எதிர்ப்பு.

ஈற்றில் நம்மை நோக்கி ஒரு கேள்வி. உணரியோடு வரும் கையேட்டில் தமிழைக் காண்பது அரிது. சுவரைத் துளைத்து அதனைப் பொருத்தும் கொட்டாஞ்சேனை இளைஞனுக்குத் தன்திருத்தத்தை நிறுத்துக என்று அவன் மொழியிற் சொல்வார் யார்? 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, உடலியலும் சுகாதாரமும் கூறும் நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அன்னியர் ஒருவர் செய்ததைத் தமிழ்ச் சங்கம் வைத்திருக்கும் நாம் செய்யாதிருப்பது நாணத்தக்கது. மேடையில் மொழியைப் புகழும் நாவுக்கு, நான்கு பக்கக் கையேடு எழுத இயலாதா?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். சங்கம் ஒரு கையடக்கக் கருவியை வாங்கி, முதலில் நம் விரிவுரை மண்டபங்களை அளந்து, கண்ட இலக்கத்தை வாயிற்கதவில் ஒட்டுக. உணரி பொருத்தும் முறையையும் திருத்தும் முறையையும் கூறும் தமிழ்க் கையேடு ஒன்றைப் பொறியியல் மாணவரும் மொழி மாணவரும் கூடி எழுதுக. வகுப்புக்குப் பணம் செலுத்தும் மாணவரும் பெற்றோரும், குளிரூட்டி உண்டா என்று கேட்பதை விடுத்து, வெளிக்காற்று எவ்வழி வருகின்றது, உணரியின் இலக்கம் எங்கே காட்டப்படுகின்றது என்று கேட்கப் பழகுக. அவ்விலக்கம் உரிமையாளரின் அறையிலன்றி மாணவரின் கண்ணெதிரே இருத்தல் வேண்டும். தாம் சுவாசிப்பதை அறியும் உரிமை சுவாசிப்போர்க்கே முதலில் உரியது.