செவ்வாய்க்கிழமை வராத பிள்ளை



பிள்ளையை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுவோமா என்று யோசிக்கும் தாய்மாருக்காக இம்மாதம் எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு. பட்டப்படிப்பை முடித்து, முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமமொன்றின் சமூக நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். அவித்த கடலையோ பயறோ கொடுப்போம். வீட்டுப்பாடத்துக்கு உதவுவோம், விளையாடவிடுவோம். பார்ப்பவர்களுக்கு அது ரியூசன் கொட்டில் மாதிரித்தான். எங்களுடைய முக்கியமான வேலை வரவுப் பதிவேட்டில் இருந்தது. எந்தப் பிள்ளை வரவில்லை, ஏன் வரவில்லை?

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவதில்லை. அன்று பாடசாலைக்கும் வருவதில்லை என்று ஆசிரியை சொன்னார். தகப்பன் 2009 மே மாதத்தில் காணாமல் போனவர். நான் பதிவேட்டில் "தாயின் கவனக்குறைவு" என்று எழுதினேன். சமூகவியல் படித்த எனக்கு அந்தச் சொல் உடனே கைக்கு வந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே போனேன். படலையில் நின்ற பையன், நான் வாய் திறக்க முதலே "அம்மா இல்லை" என்றான். அம்மா பின்வேலியோரம் குந்தியிருந்தார். செவ்வாய் கடன் நாள். கோழிக்கூடு போட ஒரு நுண்கடன், அதைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. குழுக்கடன் என்றால் ஒருவர் கட்டாதது மற்றவர்களின் தலையில் விழும். அதனால் அறவிட வருபவருக்குப் பின்னால் அயல் பெண்களும் வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பொய் சொல்வது பிள்ளையின் பொறுப்பு.

"இவனை ஒரு இல்லத்தில சேர்த்துவிடுங்கோ மிஸ். அங்க மூண்டு நேரமும் சாப்பிடுவான், இந்தப் பேச்சுகளையும் கேக்கமாட்டான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது வறுமைதான்.

அந்தக் குழுப் பெண்களை நிலையத்துக்கு அழைத்தோம். முதல்நாள் சண்டைதான். இரண்டாம் முறை, கடன் கதையைப் பிள்ளைக்கு முன்னால் கதைப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க நானும் கூடப் போனேன். ஒரு நிறுவனம் இணங்கியது, மற்றவை மறுத்தன. 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் அறிவித்த தள்ளுபடியில் ஒரு கடன் போனது. கடைசிக் கடன் 2020வரை இழுபட்டது. குழுவில் இருவர் அவருடன் இன்றும் கதைப்பதில்லை. பையன் அம்மாவிடமே வளர்ந்தான்.

எனவே கையெழுத்து வைக்க முன்னர், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க என்ன உதவி உண்டு என்று கேளுங்கள். "செவன சரண" வளர்ப்புப் பெற்றோர் திட்டம் பற்றியும் விசாரியுங்கள். வீட்டில் பிள்ளைக்கு அடியோ துஷ்பிரயோகமோ நடக்கிறதென்றால் அது வேறு விடயம். அப்போது காத்திருக்காமல் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.

போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். இடப்பெயர்வில் அது தொலைந்தவர்கள் என்ன செய்யலாம் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.