முறுக்குனா நிக்காது சாமி!

ஹெட் போல்ட் பக்கத்துல தண்ணி கசியுதுன்னு பழைய வண்டியைக் கொண்டு போய் விட்டா, அம்பத்தூர்ல இருந்து பூந்தமல்லி வரைக்கும் பெரும்பாலான சின்ன பட்டறைகள்ல கிடைக்கிற வைத்தியம் மொத்தம் மூணுதான். ஒண்ணு, ஸ்பானர்ல நீட்டு பைப்பைச் சொருகி இன்னும் கால் சுத்து முறுக்குறது. ரெண்டு, போல்ட் தலையைச் சுத்தி அனபாண்டை அப்புறது. மூணு, ரேடியேட்டர்ல மஞ்சத் தூளோ, டப்பாவுல விக்கிற பொடியோ கொட்டுறது.

மூணுமே தப்பு. ஏன்னு கேட்டா கோவம் வேற வருது. "முப்பது வருஷமா இதைத்தான் பண்றோம் சார்"ங்கிறாங்க. முப்பது வருஷமா பண்ணா தப்பு சரியாயிடுமா என்ன?

முதல்ல தண்ணி எப்படி வெளிய வருதுன்னு பார்ப்போம். சில இன்ஜின்கள்ல ஹெட் போல்ட் இறங்குற ஓட்டை பிளாக்குக்குள்ள மூடின குழியா நின்னுடும். அங்க தண்ணிக்கு வேலையே இல்ல. வேற சில இன்ஜின்கள்ல அந்த ஓட்டை நேரா வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ள திறந்திருக்கும். 1955-ல வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் இதுக்குப் பேர் போனது. அதுல போல்ட்டோட நுனி தண்ணியிலேயே குளிச்சிட்டு இருக்கும்.

மரைங்கிறது என்னங்க? சுருண்டு ஏறுற படிக்கட்டு. போல்ட்டை முறுக்கும்போது மரையோட ஒரு பக்கம்தான் பிளாக் மரையை அழுத்தி உட்காரும், மறுபக்கம் மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். எவ்ளோ முறுக்கினாலும் அந்த இடைவெளி போகாது. ரேடியேட்டர் மூடி சுமார் ஒரு வளிமண்டல அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது. தண்ணி 100 டிகிரியில கொதிக்காம 120 வரைக்கும் தாங்குறது அதனாலதான். அதே அழுத்தம்தான் இந்தப் படிக்கட்டு வழியா தண்ணியை மேல தள்ளுது. ஆக, தண்ணியை நிறுத்த வேண்டியது மரையில தடவுற த்ரெட் சீலன்ட். போல்ட்டோட வேலை ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது மட்டும்தான். ரெண்டு வேலையையும் போல்ட் தலையிலேயே கட்டினா அது என்ன பண்ணும், பாவம்!

இப்ப அந்த பைப்பு வைத்தியத்துக்கு வருவோம். நீங்க முறுக்குற விசையில சுமார் 90 சதவீதம் உராய்வுக்கே போயிடும். போல்ட்டை இழுத்து ஹெட்டைப் பிடிக்க உதவுறது மிச்ச 10 சதவீதம்தான். துரு, பழைய கேஸ்கெட் பிசிறு, காஞ்ச உப்பு எல்லாம் மரையில இருந்தா அந்தப் பத்தும் குறையும். கைக்கு "கிண்ணு"ன்னு இருக்கும், உள்ள பிடி இருக்காது. "என் கை சொல்லும் சார்"ங்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். கை சொல்றது உராய்வை. இழுவையை எந்தக் கையும் சொல்லாது.

இன்னும் பலமா முறுக்கினா? போல்ட் நீண்டு போகும், இல்ல பிளாக்ல மரை பிடுங்கிட்டு வரும். அலுமினிய பிளாக்னா கேக்கவே வேணாம். 1993-ல வந்த காடிலாக் நார்த்ஸ்டார் இன்ஜின்ல இந்த மரை பிடுங்குற சிக்கல் ரொம்பப் பிரபலம். மரைக்குள்ள உலோகச் செருகல் போட்டுத்தான் பல இன்ஜினைக் காப்பாத்துனாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கே அந்த கதின்னா, பைப்பு போட்டு முறுக்குறவருக்கு?

பொடி விஷயம். நடுராத்திரி பூந்தமல்லி ஹை ரோட்ல நின்னுட்டீங்க, வீடு போய்ச் சேரணும், கொட்டுங்க. தப்பே சொல்லல. ஆனா அதையே ரிப்பேர்னு பில் போடக் கூடாது. பொடிக்குக் கசியுற ஓட்டை எது, ரேடியேட்டரோட மெல்லிசான குழாய் எது, ஹீட்டர் குழாய் எதுன்னு தெரியாது. சில டப்பாக்கள்ல இருக்கிறது சோடியம் சிலிகேட். 2009-ல அமெரிக்க அரசாங்கம் பழைய வண்டிகளை ஒழிக்கிற திட்டத்துல, ஆயிலை வடிச்சிட்டு இன்ஜின்ல ஊத்தி அதை ஒரேயடியா சாகடிக்கப் பயன்படுத்தினது இதே சரக்குதான். ரேடியேட்டர்ல கொஞ்சமா ஊத்துறது வேற கணக்குதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் யோசிச்சு ஊத்துங்க.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, இது நடக்கிற இடம். 1964-ல அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-கள்லயே பாடியில போல்ட் நட்டு பண்ண ஆரம்பிச்ச சுந்தரம் ஃபாசனர்ஸ், 1990-கள்ல ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பிச்சது. 1987-ல ஆவடியில டாங்கி இன்ஜின் பண்ற இன்ஜின் ஃபேக்டரி. உலகத்துக்கே போல்ட்டும் மூடியும் பண்ணிக் கொடுத்த ஊருங்க இது! அந்த ஃபேக்டரி சுவத்துக்கு வெளிய ரெண்டு தெரு தள்ளி, பழைய போல்ட்டை மண்ணெண்ணெய்த் துணியில துடைச்சு, டார்க் ரெஞ்சே இல்லாம மாட்டுறாங்க. விளக்கடியில இருட்டுங்கிறது இதுதானா?

"கஸ்டமர் காசு தரமாட்டான் சார்"னு ஒரு பதில் வரும். பாதி உண்மை. நாமளும் இருநூறு ரூபாயில முடியணும்னுதான் போய் நிக்கிறோம். ஆனா கணக்கைப் பாருங்க. எங்க ஏரியாவுல வாடகை வண்டி ஓட்டுற ஒரு அண்ணன், இதே கசிவுக்கு மூணு தடவை ஒரு பட்டறைக்குப் போனார். ரெண்டு தடவை முறுக்கல், ஒரு தடவை பொடி. ராக்கர் கவருக்குள்ள இருந்த போல்ட் வழியா இறங்கின தண்ணி ஆயில்ல கலந்து, ஆயில் டீ கலர்ல வந்துச்சு. பேரிங் போச்சு, கிராங்க்கும் போச்சு. வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் அவர் வீட்டுல உலை கொதிக்கணுமே. ஒரு ட்யூப் சீலன்ட்டுல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

சரி, என்ன பண்ணணும்? பட்டறையில இதை மட்டும் கேளுங்க:

முதல்ல இன்ஜின் ஆறினப்புறம் பிரஷர் பம்ப் போட்டு, எந்த போல்ட்ல கசியுதுன்னு பார்க்கச் சொல்லுங்க. ரேடியேட்டர்ல விடாம குமிழி வந்தா, வெள்ளைப் புகை நிக்காம வந்தா, அது கேஸ்கெட் சமாச்சாரம், வேற கதை. இது தெரியாம போல்ட் கசிவுக்கு கேஸ்கெட் மட்டும் மாத்தி முழு பில் வாங்குற கூத்தும் நடக்குது.

ஹெட்டைக் கழட்டினா, பிளாக் மரையை சேஸர் விட்டு சுத்தம் பண்ணணும். வெட்டுற டேப்பை விட்டா நல்ல மரையும் போயிடும். மூடின குழியில ஆயிலோ தண்ணியோ தேங்கியிருக்கக் கூடாது, போல்ட் இறங்குற அழுத்தத்துல பிளாக்கே பிளந்துடும்.

தண்ணியைத் தொடுற போல்ட்டுக்கெல்லாம் மரையில சீலன்ட். நடுவுல இருந்து வெளிப்பக்கமா, படிப்படியா, டார்க் ரெஞ்ச்ல, மேனுவல்ல போட்டிருக்கிற அளவுல. முறுக்கி அப்புறம் டிகிரி கணக்குல திருப்புற வகை போல்ட்னா, மேனுவல் மாத்தச் சொன்னா புதுசு போடணும். அது ஏற்கனவே நீண்டு போன போல்ட்.

கடைசியா, போர் தண்ணியை ஊத்தாதீங்க. நம்ம பக்கத்து போர் தண்ணியில வாளியே உப்பு பூக்குது, வாட்டர் ஜாக்கெட் என்ன ஆகும்?

இதுல எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லீங்க. பக்கத்து ஃபேக்டரியில வேலை செய்யுற பையனுக்கு இதெல்லாம் பாலபாடம். அந்தப் பாடம் சுவரைத் தாண்டி பட்டறைக்கு வரணும். வர வைக்கிறது காசு கொடுக்கிற நம்ம கையிலதான் இருக்கு. பைப்பை எடுத்தார்னா வண்டியை எடுத்துட்டுக் கிளம்புங்க.

டிஸ்கி: சூடா இருக்கிறப்ப ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கிற வீரம் வேணாம். 120 டிகிரி தண்ணி மூஞ்சியில அடிச்சா எந்த சீலன்ட்டும் உதவாது :-)