எங்களுக்கு நடிகர் வேண்டாம், கணக்கு சார் வேண்டும்

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பிரபலங்கள் பாடம் எடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 2011இல் பிரித்தானியாவின் சனல் 4 ஒன்றைக் காட்டியது. சமையல்காரர் ஜேமி ஆலிவர் நடத்திய 'கனவுப் பாடசாலை' அது. நம்மூர் சாதாரண தரம் போன்ற பரீட்சையில் கோட்டைவிட்ட 20 பிள்ளைகளைச் சேர்த்து, வரலாற்றுக்கு டேவிட் ஸ்டார்க்கியையும் விஞ்ஞானத்துக்கு ரொபர்ட் வின்ஸ்டனையும் விட்டார்கள். இருவருமே பெரிய படிப்பாளிகள். ஆனால் ஸ்டார்க்கி வகுப்புக்கு வந்ததும் ஒரு பையனைக் குண்டன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதன்பின் அந்த வகுப்பை யாரால் கட்டி மேய்க்க முடியும்? ஏற்கனவே தோற்றுப்போனவன் என்று பெயர் வாங்கிய பிள்ளையை உருவத்தைச் சொல்லி நோகடிப்பதா பாடம்?

அமெரிக்க நடிகர் டோனி டான்ஸாவை அப்படித் தள்ளிவிட மாட்டேன். 2009இல் பிலடெல்பியாவில் ஓர் அரசுப் பாடசாலைக்குப் போய், பத்தாம் வகுப்புக்கு ஒரு வருடம் முழுக்க ஆங்கிலம் படிப்பித்தார். எடுத்தது ஒரே வகுப்பு. சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரையும் கூடவே வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் தடுமாறினார், அழுதார். தனக்குப் படிப்பித்த ஆசிரியர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்ற பெயரிலேயே பிறகு ஒரு புத்தகம் எழுதினார். அந்த மனிதருக்கு அந்த வேலையின் பாரம் புரிந்தது.

எங்கள் கேகாலைப் பக்கத்துக்கு வந்து பாருங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பக்கம் றப்பர் மலைகளுக்கு நடுவே இருக்கிற தமிழ்ப் பாடசாலைகளில், ஒரே டீச்சர் இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்துச் சமாளிக்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்று உதவ யார் இருக்கிறார்கள்? 2015 வாக்கில் தோட்டப் பாடசாலைகளுக்கென்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளையே உதவி ஆசிரியர்களாக எடுத்தார்கள். மாதம் 6,000 ரூபாய், அப்புறம் 10,000 ரூபாய். அந்தக் காசில் பஸ்ஸுக்குக் கொடுத்து, வீட்டுக்கும் கொடுத்து, நிரந்தர நியமனம் எப்போது என்று வருடக்கணக்கில் அலைந்தார்கள். எந்தக் கமெரா அவர்கள் பின்னால் போனது?

பிரபலங்கள் இங்கேயும் வருகிறார்கள். கொப்பியும் பையும் சப்பாத்தும் கொடுத்து, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்து, மத்தியானத்துக்குள் கொழும்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். கொப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை ஏறிப்போன காலத்தில் அது பெரிய உதவிதான். ஆனால் அந்தக் கொப்பியில் கணக்கு எழுதிக்கொடுக்க ஆள் வேண்டாமா? சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எட்டாத கனவுதான். தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளைக்கும், தமிழில் விஞ்ஞானப் பிரிவு படிக்க ஹட்டன் பக்கம் அறை எடுத்துத் தங்கவேண்டிய நிலை. பால்வெட்டிப் பிழைக்கிற தாய் அதற்கு எங்கே போவாள்? மழை பெய்தால் அன்றைக்குப் பால்வெட்டே இல்லையே. பையன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடுகிறான். பிறகு, தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று அவன் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள்.

தொலைக்காட்சிக்காரர்களே, பிரபலங்களே, வாருங்கள். வந்தால் முதலாம் தவணை தொடங்கி மூன்றாம் தவணை முடியும்வரை இருங்கள். இல்லையென்றால், உங்கள் பெயருக்கு இருக்கிற மதிப்பை வைத்து மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கதவைத் தட்டுங்கள். எங்கள் பிள்ளைகள் படிக்கிற பாடசாலையில் கணக்கு சார் மாற்றலாகிப் போனார். பெற்றார் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது.